இருபதாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம்

திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இரட்சிப்பு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால் ஒருவரும் தடுமாற மாட்டார்கள். கிருபையால், விசுவாசத்தின் வழியாக. மனுஷனுடைய கிரியையால் அல்ல. எபேசியர் இரண்டாம் அதிகாரம் என்று இடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த விடையில் ஆயரும் குறை காண முடியாது, லூத்தரும் கண்டிருக்க மாட்டார். அதே பிள்ளைகளில் ஒருத்தி அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் சரிந்ததும், 'ரெண்டு வாரமா காலைல ஜெபம் பண்ணாம விட்டுட்டேன், அதான் இப்படி ஆயிடுச்சு' என்று தோழியிடம் சொல்வாள். பாட்டி படுத்த படுக்கையானதற்கும் தான் வீட்டுக்குத் தெரியாமல் பார்த்த ஒரு படத்துக்கும் முடிச்சுப் போட்டு உள்ளுக்குள் குமைவாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. வகுப்பில் சொன்ன விடையும் பொய்யில்லை, மனமாரத்தான் சொன்னாள். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்கின்றன. தூக்கம் வராத இரவில் எது மேலே வருகிறது என்பதுதான் உறுத்துகிறது. பெரும்பாலும் வருவது இரண்டாவது.

பிள்ளையைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஞாயிறு பள்ளிக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து விசுவாசம் அவளுக்கு எண்களோடு சேர்ந்தே வந்திருக்கிறது. வருகைப் பதிவேடு, மனப்பாட வசனப் போட்டி, வேதபாடத் தேர்வு, ஆண்டுவிழாவில் ஆயரம்மா கையால் வாங்கும் எவர்சில்வர் டப்பா. இவை கெட்டவை அல்ல. எத்தனையோ ஊர்களில் ஒரு பெண்பிள்ளை முதன்முதலில் மைக் முன்னால் நின்று நடுங்காமல் பேசியது அந்த மேடையில்தான். பிப்ரவரி, மார்ச் வந்தால் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கான சிறப்பு ஜெபம் நடக்கும். ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் இறுகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் வந்து நிற்பார்கள். ஆயர் ஒவ்வொரு தலையாகக் கை வைத்துக்கொண்டே போவார். பின்வரிசையில் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதில் இருக்கும் அன்பைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் டியூஷனிலும் ஆலயத்திலும் எதைத் தொட்டாலும் உழைத்தால் கிடைக்கும், தவறினால் போய்விடும் என்றே பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், வருடத்தில் சில சனிக்கிழமை மாலைகளில் மட்டும், உழைக்காமலே ஒன்று கிடைத்திருக்கிறது என்று சொல்கிறார்கள். அவள் அதைக் குறித்துக்கொள்கிறாள். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக அதுவும் வரலாம்.

இது தமிழ்ச் சபைகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா லண்ட்குவிஸ்ட் டென்டன் என்ற இரு சமூகவியலாளர்கள் 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளின் சமய வாழ்வை விரிவாக ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நேர்காணலில் அந்தப் பிள்ளைகள் நெடுநேரம் பேசினார்கள். கடவுளின் கிருபை என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. நல்லவனாக இரு, நாலு பேரிடம் அன்பாக இரு, கஷ்டம் வந்தால் கடவுளைக் கூப்பிடு, நல்லவர்கள் பரலோகம் போவார்கள் என்பதுதான் பெரும்பாலோரின் பேச்சில் தெரிந்த மதம். அந்தக் கடவுள் கூப்பிடாதபோது தொலைவில் இருப்பவர். தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளையின் கடவுள் தொலைவில் இல்லை. ஹால் டிக்கெட் வரைக்கும் இறங்கி வருகிறவர். அருகிலேயே இருந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறவர் என்பதால் அவரைப் பற்றிய பயமும் கூடுதல்.

பயத்தின் வேர் எங்கே என்று தேடினால், திடப்படுத்தல் வகுப்பின் முதல் பாடத்திலேயே ஒரு தடயம் கிடைக்கிறது. பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் ஒப்பிக்கத் தொடங்குவது மூன்றாம் வசனத்திலிருந்து: வேறு தேவர்கள் வேண்டாம், விக்கிரகம் வேண்டாம், நாமத்தை வீணிலே வழங்க வேண்டாம். இரண்டாம் வசனத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள். அந்த வசனத்தில் கட்டளையே இல்லை. அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணியவர் நான் என்று பேசுகிறவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். செங்கல் சூளையிலிருந்து மீட்டாகிவிட்டது, கடலையும் கடந்தாகிவிட்டது, மன்னாவும் விழத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் சீனாய் மலை, அதற்குப் பிறகுதான் கற்பலகை. இந்தப் பத்தையும் கைக்கொண்டால் உன்னை விடுவிப்பேன் என்று பார்வோனின் சூளையில் யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. இஸ்ரவேலர் எதற்கும் தகுதி பெறும் முன்பே வெளியே கொண்டுவரப்பட்டவர்கள். இரண்டாம் வசனத்தை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கும், பேசுகிறவர் மட்டும் ஆள் மாறிவிடுவார். விடுவித்தவரின் குரல் போய்க் கண்காணியின் குரல் வந்துவிடும்.

இதை விட்டுவிட்டது தமிழ் ஆசிரியர்களின் கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1529இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலேயே எகிப்து கிடையாது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் தந்த ஞானோபதேசம் அதுவே. லூத்தருக்குக் காரணம் இருந்தது. எகிப்திலிருந்து மீட்கப்பட்டவர்கள் யூதர்கள், ஜெர்மானியர்கள் அல்ல. மோசே யூதர்களுக்குக் கொடுத்ததை அப்படியே பிறர்மேல் சுமத்தக் கூடாது என்று அவர் 1525லேயே வாதாடியிருந்தார். மாறாக, 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் உள்ள ஞானோபதேசம் எகிப்தைச் சொல்லித்தான் கட்டளைகளைத் தொடங்குகிறது. அதே புத்தகத்தின் நற்கருணை ஆராதனையில் கட்டளைகளை வாசிக்கும்போது எகிப்து விடுபட்டுவிடுகிறது. ஒரே அட்டைக்குள் இரண்டு வழக்கம். வாரந்தோறும் காதில் விழுவது மனத்தில் நிற்கும். வினாவிடையில் ஒருமுறை படித்தது மறந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வெட்டும் பிள்ளைகள் கைக்கு வருகிறது. புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகள் கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து, வாசலில் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். வழவழப்பான அட்டை, ஒரு மலை அல்லது ரோஜாப்பூ, கீழே ஒரு வசனம். அதிகம் விரும்பப்படும் வசனங்களில் ஒன்று உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் உள்ளது. வாலாக இல்லாமல் தலையாக உயர்த்தப்படுவதைப் பற்றியது. பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது வந்துவிட்டால் வீடே மகிழும். ஆனால் அந்த வசனத்தின் இன்னொரு பாதி அட்டையில் ஏறுவதில்லை. கற்பனைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்ற நிபந்தனை அது. கட்டளைகளின் தொடக்கத்திலிருந்த மீட்பு ஒரு கத்தரிப்பில் போயிற்று. வாக்குறுதியோடு இருந்த நிபந்தனை இன்னொரு கத்தரிப்பில் போயிற்று. பிள்ளை கையில் இருப்பவை இரண்டு துண்டுகள்: மீட்பு இல்லாத கட்டளை, கட்டளை இல்லாத பரிசு. புத்திசாலிப் பிள்ளை என்ன செய்வாள்? இரண்டையும் ஒட்டிப் பார்ப்பாள். இதைச் செய், அது கிடைக்கும். கிருபைக்கு அங்கே இடமே இல்லை. ஒட்டியது அவள், வெட்டிக் கொடுத்தது பெரியவர்கள்.

உபாகமத்திலேயே வேறொரு இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்கள் அதை இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கலாம். ஆறாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. பின்னொரு நாளில் உன் பிள்ளை வந்து இந்தக் கட்டளைகளும் நியமங்களும் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு வளரிளம் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது. கேள்வி வரும் என்று முன்கூட்டியே அறிந்து பதிலை வைத்துவிட்டுப் போகிறார். கேள்வி சட்டத்தைப் பற்றியது; பதிலோ சட்டத்தில் தொடங்கவில்லை. நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று கதையில் தொடங்குகிறது. ஏன் என்று கேட்கிற பிள்ளையிடம் 'சொன்னதைச் செய்' என்று சொல்லாமல், அப்பா தன் குடும்பத்தின் பழைய அவமானத்தை எடுத்து வைக்க வேண்டும். யார் வந்து தூக்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும். நியமங்கள் அந்தக் கதையின் கடைசியில்தான் வருகின்றன. அப்போது அவை எப்படி ஒலிக்கும் என்பதைக் கேட்கிற பிள்ளையே தெரிந்துகொள்வான்.

தென்தமிழகச் சபைகளுக்கு இப்படிச் சொல்லக் கதை இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியில்லாமல் அரசுக்கும் கோயில்களுக்கும் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். கிழமை பார்த்து அது வராது. கர்னல் மன்றோ அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தபோது, கிறிஸ்தவர்களான இம்மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. பரம்பரையாக அடுத்தவன் ஏவலுக்கே உடம்பைக் கொடுத்து வந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள் 'இன்று வர மாட்டோம்' என்று சொல்ல முடிந்தது. ஓய்வுநாளை ஆசரிப்பாயாக என்பது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? உபாகமம் ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணமும் இதுவே: நீ அடிமையாயிருந்தாய், நினைத்துக்கொள். இன்று அவர்களின் வழிவந்த பிள்ளைக்கு அதே ஓய்வுநாள், ஞாயிறு காலை டியூஷனா ஆலயமா என்ற சண்டையாகவும், ஆராதனைக்கு வராவிட்டால் யார் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

உடையின் கதை இன்னும் கூர்மையானது. மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்ட பெண்கள் குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்கும் ஆலயத்துக்கும் போனதற்காக அடிபட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டது. தோள்சீலைக் கலகம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. பல பத்தாண்டுகள் நீடித்த அந்தப் போராட்டம் 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்புக்குப் பிறகுதான் ஓரளவு தணிந்தது. அந்தப் பாட்டிகளுக்கு உடுத்துவது விடுதலை. அவர்களின் வழிவந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஆலய வாசலில் உடையைப் பற்றிக் கிடைப்பது புருவ நெரிப்பும், 'சாட்சி கெட்டுப்போகும்' என்ற எச்சரிக்கையும். பாட்டியின் கதையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பாட்டியின் கதையிலிருந்து மிஞ்சிய விதி மட்டும் அவளிடம் வந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் 1799இல் கூடிக் குடியேறிய முதலூருக்கும் இது பொருந்தும். அடைக்கலமாக உருவான ஊருக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடுகள் எதைக் காக்கின்றன என்று தெரிந்திருந்தது. மூன்று, நான்கு தலைமுறை கழிந்தால் காக்கப்பட்டது எது என்பது மங்கிவிடுகிறது, கட்டுப்பாடு மங்குவதில்லை.

ஆனாலும் இந்த இடத்தில் ஒரு தயக்கம் வருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சமூக விடுதலையும் பவுல் பேசுகிற கிருபையும் ஒன்றுதானா? முன்னோர்கள் எதிலிருந்து மீட்கப்பட்டார்கள் என்று சொல்வது பிள்ளைக்குப் பெருமிதம் தரும். அந்தப் பெருமிதமே நாளைக்கு இன்னொரு தகுதியாக மாறலாம். ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் என்று நெஞ்சு நிமிர்த்துகிற வீடுகள் ஏற்கெனவே குறைவில்லை. போன வருடம்தான் தாயோடு ஆலயத்துக்கு வரத் தொடங்கிய பையனுக்கு இந்தக் கதையில் என்ன பங்கு? லூத்தர் எகிப்தை விட்டதிலும் ஒரு நியாயம் தெரிகிறது: அடுத்தவனுடைய மீட்பு தன்னுடையதாகிவிடாது. அவர் கட்டளைகளை முதலில் வைத்ததற்குச் சொன்ன காரணம், நோயாளிக்கு முதலில் தன் நோய் என்னவென்று தெரிய வேண்டும், பிறகுதான் மருந்து எங்கே என்று தேடுவான் என்பது. வலுவான காரணம். தன்மேல் குறையே காணாத மனுஷனுக்கு மன்னிப்பைக் கொடுத்தால் அவன் அதை எங்கே வைப்பான்? ஆனால் 1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை வேறொரு வரிசையைத் தேர்ந்தது. மனுஷனின் அவலம், அதிலிருந்து மீட்பு, நன்றி என்று மூன்று பகுதி. பத்துக் கட்டளைகள் வருவது மூன்றாவதில், நன்றியின் கீழே. எகிப்தைச் சொல்லும் வசனத்தோடு சேர்த்தே அங்கே அவை வருகின்றன. சீர்திருத்தச் சபைகளுக்குள்ளேயே இரண்டு வரிசைகள் இருந்திருக்கின்றன என்றால், எந்த ஊர்ப் பிள்ளைக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. மதிப்பெண்ணாலும் நிறத்தாலும் ரீல்ஸில் காணும் அழகான உடம்புகளாலும் நாள் முழுக்கத் தன்னிடம் குறை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், நீ குறையுள்ளவள் என்று சொல்வது புதிய செய்தி இல்லை.

அவளுக்குப் புதிதாக இருக்கக்கூடியது மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. திராட்சத்தோட்டத்துக்காரர் விடியற்காலையிலும் மூன்றாம் மணியிலும் ஆறாம், ஒன்பதாம் மணியிலும் ஆள் எடுக்கிறார். பதினோராம் மணிக்கு, பொழுது சாயப்போகும் நேரத்தில், இன்னும் சிலரை எடுக்கிறார். கூலி எல்லாருக்கும் ஒன்றே. இந்த உவமையைச் சொன்னால் வகுப்பில் எவனாவது ஒருவன் 'அது அநியாயம்தானே சார்?' என்பான். நல்ல ஆசிரியர்கள்கூட இந்த இடத்தில் அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். அந்தக் கோபம்தான் பாடத்துக்குள் நுழையும் வாசல்; நாள் முழுக்க வெயிலில் நின்றவர்களின் முணுமுணுப்பு அவனுக்குள் அப்படியே எழுந்திருக்கிறது. கோபம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியாக வந்தவர்களைப் பற்றி அவனிடம் கேட்கலாம். அவர்கள் ஏன் அதுவரை சும்மா நின்றார்கள்? ஒருவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எந்தத் தமிழ் நகரத்திலும் காலை ஏழு மணிக்கு ஆள் எடுக்கும் சந்திப்பைப் பார்த்த பிள்ளைக்கு இது புரியும். மண்வெட்டியும் தூக்குச்சட்டியுமாக நிற்கும் கூட்டத்தில் மேஸ்திரி முதலில் கைகாட்டுவது திடமான வாலிபர்களை. பத்து மணிக்கும் அங்கேயே நிற்கிறவர் நரைத்தவர், இருமுகிறவர், ஒரு கை சரியாக வராதவர். மாலை வரை நின்றும் அழைக்கப்படாதவர் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை. வீட்டில் அடுப்பு எரிய ஒரு நாள் கூலி வேண்டும். ஒரு மணி நேரக் கூலி போதாது. இதைப் பார்த்த பிறகும் அந்தப் பையனுக்கு அநியாயம் என்றே படலாம். ஆனால் தான் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று அவன் ஒரு கணம் யோசிப்பான். விடியற்காலையிலேயே எடுக்கப்பட்டவன் என்று அவனுக்கு யார் சொன்னது?

கிருபையை இப்படிச் சொல்ல ஆசிரியர்கள் தயங்குவதற்குக் காரணம் பெற்றோர். கைபேசி, காதல், குடி, கல்லூரி விடுதி என்று பயப்பட எத்தனையோ இருக்க, 'எல்லாம் மன்னிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் பிள்ளை கெட்டுப்போக மாட்டானா?' என்று கேட்பார்கள். கேலி செய்ய வேண்டிய பயம் அல்ல இது. பவுல் ரோமர் ஆறாம் அதிகாரத்தைத் தொடங்குவதே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான்: கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா? லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பலில் வெள்ளிக்கிழமை தோறும் ஆண்டுக்கணக்காக ரோமர் நிருபத்தை விளக்கிய மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே இல்லையென்றால் சொல்லப்பட்டது சுவிசேஷம்தானா என்று பிரசங்கி யோசிக்க வேண்டும் என்றார். வகுப்பில் ஒரு பிள்ளை 'அப்ப என்ன வேணா பண்ணலாமா அக்கா?' என்று கேட்டால் ஆசிரியை பதற வேண்டியதில்லை. அவள் பாடத்தைக் கேட்டிருக்கிறாள். பவுல் அதற்குத் தரும் பதிலும் மிரட்டல் இல்லை. ஞானஸ்நானத்தில் நீ யாராக ஆனாய் என்று நினைவுபடுத்துவது.

மலிவான கிருபையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் மிகக் கடுமையாக எழுதியவர் டீட்ரிச் போன்ஹோஃபர். அதைப் பற்றி 1937இல் வந்த அவருடைய நூலை விதிகளின் பக்கம் நிற்கிறவர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பார்கள். அதே மனிதர் 1931இன் கடைசியில், இருபத்தைந்து வயதில், பெர்லினின் வெட்டிங் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பையன்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தவர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சீயோன் ஆலயத்தைச் சேர்ந்த அந்த வகுப்பில் ஏறக்குறைய ஐம்பது பேர். வேலையில்லாத் திண்டாட்டத்தில் நொறுங்கிய வீடுகள். முந்தைய ஆயரால் சமாளிக்க முடியாத அடங்காப் பிள்ளைகள். முதல் நாள் படியேறி வரும்போதே மேலேயிருந்து அவர் பெயரின் முதல் அசையைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் அதட்டவில்லை. கையைப் பைக்குள் விட்டபடி சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் மெல்லிய குரலில், நியூயார்க்கின் ஹார்லெமில் தான் பழகிய கறுப்பின மக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பின்னால் இருந்தவர்கள் கேட்பதற்காக வாயை மூடினார்கள். அந்தக் குளிர்காலத்தில் வினாவிடை ஒப்பித்தலுக்கு அங்கே பெரிதாக இடம் இருக்கவில்லை. வேதாகமத்தை அவர் கதை கதையாகச் சொன்னார். பையன்கள் வசித்த பகுதியிலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்து, மாலையில் வந்து போகச் சொன்னார். கால் எடுக்கப்படவிருந்த ஒரு பையனை மருத்துவமனையில் அடிக்கடி போய்ப் பார்த்தார். திடப்படுத்தல் நாளுக்கு நல்ல உடை இல்லாதவர்களுக்காக ஒரு முழுச் சுருள் துணியைத் தன் செலவில் வாங்கி வெட்டிக் கொடுத்தார். 1932 மார்ச் 13 அன்று, ஹிட்லர் போட்டியிட்ட அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்த அதே ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பையன்கள் ஆலயத்தில் நின்றார்கள். பின்பற்றாத கிருபை கிருபையே இல்லை என்று பிற்பாடு எழுதிய கைதான் அந்தத் துணியை வெட்டியது. அவருக்கு இவை இரண்டும் எதிரெதிர் விஷயங்களாக இருந்ததாகத் தெரியவில்லை. துணிக்கு மதிப்பெண் கேட்கவில்லை. துணி வாங்கியவர்கள் எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்றும் சொல்லவில்லை.

விதிகளைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் கவனிப்பது விதிகளை அல்ல, எந்த விதி கண்டிப்பாக நடக்கிறது, எது நடப்பதில்லை என்பதை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்த சண்டை சாப்பாட்டுப் பந்தியில் வந்தது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். நியாயப்பிரமாணமா கிருபையா என்ற வாதத்தின் கொதிப்பு யார் யாரோடு சாப்பிடுவது என்பதில் இருந்தது. தமிழ்நாட்டில் இந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சைச் சபைகளில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். பெரும்புலவரான வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். திரைப்படத்துக்கும் நகைக்கும் தலைமுடிக்கும் அத்தனை கண்டிப்பு காட்டுகிற பெரியவர்கள், திருமண விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் எழுதுவதைப் பதினைந்து வயதுப் பிள்ளை படிக்கிறாள். அவள் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதைப் பணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிருபை என்பது ஆலயத்துக்குள் சொல்லும் விடை, வெளியே வேறு கணக்கு நடக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள் என்பது, அவள் கல்லூரிக்குப் போன பிறகு ஆலயத்துக்கு வராமல் நிற்கும்போதுதான் தெரியவரும். அப்போதும் விடுதியையும் கைபேசியையும் குறை சொல்வார்கள்.

எந்தப் பாடத்திட்டத்தைத் திருத்தினாலும் சோதனை கடைசியில் ஓர் ஆளின் விஷயத்தில் வந்து நிற்கும். திடப்படுத்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வகுப்பிலுள்ள ஒரு பையன் டாஸ்மாக் வாசலில் பார்க்கப்படுகிறான், அல்லது ஒரு பெண்ணின் கைபேசி பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெயரை எடுத்துவிடுவோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சபைக்கமிட்டியில் யாராவது சொல்வார்கள். ஒழுங்குக்காக என்பார்கள், அதில் நேர்மையும் இருக்கும். ஆயர் என்ன செய்யப்போகிறார் என்று வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் அந்த வீட்டுக்குப் போவாரா, போனால் தாயிடம் மட்டும் பேசிவிட்டு வருவாரா, அவனோடு தனியாக உட்காருவாரா? செய்தது தவறு என்று அவனிடம் மழுப்பாமல் சொல்ல வேண்டும்; குடி அந்தத் தெருவில் எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று அவனுக்கே தெரியும். அதைச் சொன்ன பிறகும் ஞாயிற்றுக்கிழமை அவன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்று வாதாட ஒரு பெரியவராவது வேண்டும். அந்தப் பெரியவர், தன் பதினேழாவது வயதில் தனக்கு என்ன நடந்தது, அப்போது யார் தனக்காகப் பேசினார் என்பதைக் கமிட்டியில் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கும். எல்லாரும் எல்லாருக்கும் உறவான ஊரில், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், அது சிறிய காரியமல்ல. ஆனால் உபாகமம் ஆறாம் அதிகாரம் தகப்பன்மாரிடம் கேட்பது அதைத்தான். நாங்கள் அடிமைகளாயிருந்தோம் என்று அவர்கள் தொடங்காவிட்டால், வகுப்பில் ஆசிரியர் எத்தனை வசனம் எழுதிப் போட்டாலும் பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்வார்கள், தேர்வில் சரியாகவும் எழுதுவார்கள்.